பைத்தியக்காரப் பேர்

அந்தக் காலத்தில் மனசுக்கு நோய் வருவதெல்லாம் ஏது, வசதி வந்தபிறகு இந்தக் காலத்து ஆட்கள் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏது என்றா கேட்கிறீர்கள்? எனக்கு வந்தது. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஐம்பதுகளின் நடுவில், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருந்த எனக்கு வந்தது. வசதி வந்தபிறகு வருகிற நோய் என்றால் அது கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்துப் பக்கமே எட்டிப் பார்த்திருக்கக் கூடாது. அங்கே ஒற்றை அறையான எங்கள் காம்பராவில் இருந்த வசதி, மழைக்கு ஒழுகாத ஒரே ஒரு மூலை. அதில்தான் அரிசிப் பானையை வைத்திருந்தோம்.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன்பே தப்பு என்கிற தோல் பறையை அடிப்பார்கள். அந்தச் சத்தம் பணிய லயத்தில் தொடங்கி மேட்டு லயம் வரைக்கும் ஏறி வரும். கேட்டதும் எழுந்து, ரொட்டி தட்டி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மழைக்கும் குளிருக்கும் போடுகிற கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். அங்கே கணக்கப்பிள்ளை லாந்தரைத் தூக்கிப் பிடித்து, ஆள் ஆளாக முகத்தைப் பார்த்து, இன்ன மலைக்குப் போ என்று பிரித்து அனுப்புவார். பெரட்டில் நின்றவர்களுக்குத்தான் அன்றைக்குப் பேர். ஒரு நாள் வேலையையும் அதற்கான சம்பளத்தையும் நாங்கள் பேர் என்றுதான் சொல்வோம். அதைச் செக்ரோல் என்கிற பேரேட்டில் எழுதுவார்கள். பிந்தி வந்தால் வெரட்டிவிடுவார்கள். காலைப் பிடித்தாலும் நடக்காது. பெரட்டில் நின்று, மத்தியானம் வரைக்கும் வேலை செய்து, சுகமில்லை என்று திரும்பினால் அரைப் பேர். அரைப் பேர் என்றால் அது காலைப் பாதிக்குத்தான். மத்தியானத்துக்கு மேல் வேலைக்கு வருகிறேன் என்று எந்தத் தோட்டத்திலும் யாரும் கேட்டதில்லை.

எனக்கு வந்தது ஒரு சாதாரண விடியலில். முந்தின நாள் சண்டை இல்லை, சாவு இல்லை, கெட்ட கனவுகூட இல்லை. கொழுந்து எடுக்கிற பெண்களோடு பெரட்டில் நின்றுகொண்டிருந்தேன். தப்பு இன்னும் ஓயவில்லை. திடீரென்று நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. கையும் காலும் ஜில்லென்று ஆகிவிட்டன. மூச்சு தொண்டைக்கு மேல் வரவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். நின்ற இடத்திலேயே குந்திவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்கள் உள்ளங்காலைத் தேய்த்தார்கள். கணக்கப்பிள்ளை லாந்தரை என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார். வெயில் ஏறும்போது எல்லாம் அடங்கிவிட்டது. மத்தியானம் பசித்துச் சாப்பிட்டேன். அப்போது எனக்கு வந்த வெட்கம் சொல்லி முடியாது.

மறுநாளும் அதே. அதற்கடுத்த நாள் பெரட்டுக்களம் வரைக்கும்கூடப் போக முடியவில்லை, வாசலிலேயே வந்துவிட்டது. கொஞ்ச நாளில் தப்பு அடிக்கும் முன்பே விழித்துக்கொண்டு, இப்போது அடிப்பான், இப்போது அடிப்பான் என்று இருட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அந்தப் பயத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது. அதை எப்படிச் சொல்வது? தலை சீவத் தோன்றாது. சோறு மண் மாதிரி இருக்கும். பக்கத்துக் காம்பராவில் யாராவது சிரித்தால் எனக்கு அழுகை வரும். அழுது முடித்தால் எதற்கு அழுதோம் என்று தெரியாது. பாயை விட்டு எழுந்து, வெளியே தண்ணீர் விழுகிற பீலியில் முகம் கழுவிவிட்டு வருவது ஒரு மலையை ஏறி இறங்குகிற வேலையாக இருந்தது.

லயத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கல்யாணமாகி மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லையே, அந்த ஏக்கம் என்றாள் ஒருத்தி. ஆற்றுப் பாலத்தில் ஏதோ அடித்துவிட்டது என்றாள் இன்னொருத்தி. ஒன்றுமில்லை, வேலைக்கள்ளி என்று என் காதில் விழும்படியே சொன்னார்கள் சிலர். "அப்படி என்னாடி கொற ஒனக்கு?" என்று என் மாமியார் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் கொன்றது. குறை இருந்தால் எடுத்துக் காட்டியிருக்க மாட்டேனா? கால் ஒடிந்திருந்தால் காலை நீட்டிக் காட்டியிருப்பேன். எதையும் நீட்டிக் காட்ட முடியாத நோய் எனக்கு வந்திருந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

என் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வாயில் பூட்டுப் போட்ட மனிதர். என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. அந்தக் காலத்தில் அதுவே பெரிது என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள். அது என்ன பெரிது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் ஒரு விடியற்காலையில் நான் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது, தன் கம்பளியையும் என் மேல் போர்த்திவிட்டு, பெரட்டுக்குப் போகும் வழியெல்லாம் குளிரில் விறைத்துக்கொண்டு போனார். அதை நான் மறக்கவில்லை.

அவர்தான் என்னைத் தோட்டத்து மருந்துக்காரரிடம் கூட்டிப் போனார். மருந்து கலக்கிக் கொடுப்பவர்தான், ஆனாலும் நாங்கள் டாக்டர் ஐயா என்போம். யாழ்ப்பாணத்து மனிதர். சிடுசிடுப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. முதலில் கசப்பு மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். பிறகு சிவப்பாக இன்னொன்று. ஒரு தடவை பதுளை ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார். பசறை வரைக்கும் நடந்து, அங்கிருந்து பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தேன். அங்கே குழாய் வைத்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்று கேட்டால் மனுஷிக்குச் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு ஓவென்று அழத்தான் தோன்றியது.

திரும்பி வந்ததும் டாக்டர் ஐயா என்னை உட்காரச் சொன்னார். அதுவரைக்கும் அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை.

"பிள்ளை, உமக்கு இருதயத்திலை ஒரு பிழையும் இல்லை. இது நரம்புத் தளர்ச்சி. மருந்தாலை இதுக்குமேலை ஒண்டும் செய்யேலாது. நான் ஒரு துண்டு எழுதித் தாறன், இவ வேலைக்கு ஏலாதவ எண்டு. துரை ஓமெண்டால் மாசா மாசம் உமக்கு அரிசி வரும். பெரட்டுக்கு வாற கரைச்சலும் இல்லை."

செக்ரோலில் என் பெயர் என்ன ஆகும் என்று கேட்டேன். எடுத்துவிடுவார்கள் என்றார். சுகமானால் திரும்பப் போடுவார்களா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எடுத்த பேரைத் திரும்பப் போட்டதைத் தான் இதுவரைக்கும் காணவில்லை என்றார். யோசித்துச் சொல்லும், சம்பள நாளைக்கு முதல் துரையிடம் துண்டு போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

பொய் சொல்ல மாட்டேன், அந்தத் துண்டு எனக்கு வேண்டும் போலத்தான் இருந்தது. இனிமேல் பெரட்டில் நிற்க வேண்டாம் என்கிற வார்த்தை சர்க்கரை மாதிரி இனித்தது. அந்த அரிசியை நான் கேவலமாகவும் நினைக்கவில்லை. எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில், கவ்வாத்துக் கத்தி பட்டுக் கை முடமான ஒருவர் இருந்தார். அவர் வாங்கித் தின்றது அந்த அரிசிதான். அது அவருக்குச் சேர வேண்டியது. தோட்டத்துக்குக் கையைக் கொடுத்தவர் அவர். அதைப் பிச்சை என்று சொன்னவளோடு நான் பீலியடியில் குடுமிப்பிடிச் சண்டையே போட்டிருக்கிறேன்.

ஆனால் என் விஷயம் வேறு. எங்களை இந்த நாட்டுக்காரர் என்று எழுத மாட்டோம் என்று அப்போது அரசாங்கத்தில் சொல்லியிருந்தார்கள். மனுப் போட்டோம். தகப்பன் பிறந்ததற்குச் சாட்சி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வாக்குப் போடுகிற பட்டியலில் நான் இல்லை. எங்கள் பாட்டன் கடல் தாண்டி வந்த அக்கரையில் எந்த ஊர்ப் பட்டியலிலும் நான் இல்லை. இந்த உலகத்தில் நான் இருக்கிறேன் என்று எழுதி வைத்திருந்த ஒரே இடம் அந்தத் தோட்டத்துச் செக்ரோல். அதிலிருந்தும் எடுத்துவிட்டால் நான் யார்? என் புருஷனின் காம்பராவில் ஒரு மூலையில் அரிசி தின்கிற ஆள். அவர் நாளைக்குச் செத்துப் போனால் அந்த மூலையும் இல்லை. இதை நினைத்தால் தப்புச் சத்தம் இல்லாமலே எனக்கு நெஞ்சு அடித்தது.

மாமியாருக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "சும்மா வர்ற அரிசிய வேணாங்குறவள எங்கயாச்சும் பாத்திருக்கியா? வாங்கிக்கிட்டு மூலைல குந்து. பெரட்டுல விழுந்து விழுந்து எங்க மானத்த வாங்காத" என்றார். புருஷனிடம் கேட்டேன். உனக்கு எது தோதோ அதைச் செய் என்றார். அது என் மேல் உள்ள பிரியமா, இல்லை கை கழுவிவிட்டாரா என்று தெரியாமல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த ஆத்திரம் நல்லதாக இருந்தது. பல நாளைக்குப் பிறகு உடம்பில் சூடு ஏறியது அன்றைக்குத்தான்.

துண்டு வாங்கும் முன் மாமியார் ஒரு காரியம் செய்ய நினைத்தார். அரிசி வரும், சரி. ஆனால் பேய் இருந்தால் அரிசியோடு சேர்ந்து அதுவும் வீட்டில் குந்திவிடுமே. அதனால் பசறைப் பக்கத்திலிருந்து பேயோட்டுகிற ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. கோடாங்கி உடுக்கையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். மழையில் நனைந்து தோல் ஊறிப்போய், சத்தம் எழும்பவில்லை. தணலில் காட்டிப் பார்த்தார், அப்போதும் எழும்பவில்லை. உடனே அங்கிருந்த ஒரு புத்திசாலி ஓடிப்போய், பெரட்டுக்கு அடிக்கிற தப்பை இரவல் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தான். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

முதல் அடி விழுந்ததும் என் உடம்பு உதறியது. கை, கால், தாடை எல்லாம் ஆடின. வந்துவிட்டது வந்துவிட்டது என்று பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். கோடாங்கிக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் ஓங்கி அடித்துக்கொண்டு, என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்.

"யாரு நீ? எங்கருந்து வந்த, சொல்லு."

"பெரட்டுக்களத்துலருந்து" என்றேன்.

உண்மையாகவே அதுதான் வாயில் வந்தது. பெரட்டுக்களத்து மரத்தில் ஒரு முனி இருப்பது தனக்கு எப்போதோ தெரியும் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வது கேட்டது. கோடாங்கி களைத்துப்போய்த் தப்பைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். என் கைகள் நின்றுவிட்டன. அவர் மறுபடி அடித்தார். கைகள் ஆடின. வியர்வை துடைக்க நிறுத்தினார். நின்றன. நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது என்ன கூத்து என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அந்த நடுக்கத்துக்கு நடுவில் எனக்குப் பைத்தியம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. விடியல் இல்லை, பெரட்டு இல்லை, கணக்கப்பிள்ளை இல்லை. ஆனாலும் தப்பு அடித்தால் என் உடம்பு பயப்படுகிறது, நிறுத்தினால் அடங்குகிறது. ஏன் என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தெரிந்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஒன்றும் இல்லை.

எழுந்து போய் அந்தத் தோல் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். அவர் ஓங்கிய குச்சி அப்படியே நின்றது.

"போதும் சாமி. பேயி இல்ல. இந்தச் சத்தந்தான் எனக்கு நோவு. நீங்க கெளம்புங்க."

பலி கொடுக்க மாமியார் வாங்கி வைத்திருந்த சேவலை அவர் விடவில்லை, எடுத்துக்கொண்டுதான் போனார். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேயை நினைத்தா, சேவலை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

தெரிந்துகொண்டதால் நோய் போய்விடவில்லை. மறுநாள் விடியலில் தப்பு அடித்தபோது, இது வெறும் தோல், வெறும் குச்சி என்று சொல்லிக்கொண்டு கிடந்தேன். நெஞ்சு அதைக் கேட்கவில்லை. அடித்துத் தீர்த்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். காலை முழுக்கக் கிடந்து உழல்வேன். பத்து மணிக்கு மேல் மூச்சு கீழே இறங்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு நான் மனுஷியாகிவிடுவேன். மாலை வரைக்கும் மனுஷியாகவே இருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கைக்காசு. கொழுந்து அதிகமாகத் தழைத்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்து எடுக்க விடுவார்கள். அன்றைக்குத் தப்பு இல்லை, பெரட்டு இல்லை, பேர் இல்லை. எத்தனை றாத்தல் எடுக்கிறோமோ அதற்கு அங்கேயே காசு. நான் கூடையை எடுத்தேன். மாமியார் வாயைப் பிளந்தார். மலைக்குப் போனேன். என் பழைய நிரையில், அந்தச் செடி வரிசையில், இறங்கினேன். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போடப் போட, எனக்குக் கண்ணீர் வந்தது. அது துக்கக் கண்ணீர் இல்லை. மாலையில் நிறுத்தபோது என் கூடை மற்றவர்கள் கூடைக்குக் குறையவில்லை. கணக்கப்பிள்ளை தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலைப் படபடப்பு அடங்கியதும் டாக்டர் ஐயாவிடம் போனேன். அந்தத் துண்டு எனக்கு வேண்டாம் என்றேன். சும்மா வருகிற அரிசியை ஏன் வேண்டாம் என்கிறீர் என்று அவரும் மாமியாரின் கேள்வியையே கேட்டார். எனக்கு நோய் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, நோய் இருக்கிறது, ஆனால் வேலை செய்ய முடியாதவள் என்று எழுதினால் அது பொய் என்றேன். அப்படியானால் என்ன எழுதுவது, நோய் என்றா, சுகம் என்றா என்று சிடுசிடுத்தார்.

"ரெண்டையும் எழுதுங்கய்யா" என்றேன்.

பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு எழுதினார். எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்: வருத்தம் உண்டு, வேலை செய்யலாம், காலைப் பெரட்டில் நிற்கத் தேவையில்லை. இப்படி ஒரு துண்டைத் தன் வாழ்க்கையில் எழுதியதில்லை, துரை தன்னைத்தான் பைத்தியம் என்பார் என்றும் சொன்னார். நான் அதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, சாப்பாட்டு நேரம் முடிந்து ஆட்கள் இறங்கும்போது அவர்களோடு மலையில் இறங்கினேன். கொழுந்துக் கங்காணி கத்திப் பார்த்தார். பேர் இல்லாமல் நிரையில் இறங்கக் கூடாது என்றார். கத்தட்டும் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கொழுந்து முற்றிக்கொண்டு வந்தது, ஆள் பற்றவில்லை. அவரும் எவ்வளவு நேரம்தான் கத்துவார்?

மாலையில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கணக்கப்பிள்ளை தராசிலிருந்து கொக்கியை எடுத்துவிட்டார். துண்டை நீட்டினேன். வாங்கி வாசித்தார்.

"வருத்தம்னா வீட்டுல படு. வேல செய்யலாம்னா பெரட்டுக்கு வா. ரெண்டும் ஒரே துண்டுல எப்புடி புள்ள இருக்கும்?"

"ரெண்டும் என் ஒரே ஒடம்புல இருக்குங்களேய்யா. துண்டுல இருந்தா என்னா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பெரட்டில் நிற்காதவளின் கொழுந்தை நிறுக்க மாட்டேன், அது தோட்டத்து வழக்கம் இல்லை என்றார். நேற்று ஞாயிற்றுக்கிழமை பெரட்டில் நிற்காமல் எடுத்த கொழுந்தை நிறுத்தீர்களே, அது வேறு செடியில் முளைத்ததா என்று கேட்டேன். அப்படிக் கேட்டது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். என் பக்கத்து நிரைக்காரி காதுக்குள், கொழுந்தைத் தன் கூடையில் கொட்டிவிடச் சொன்னாள். தன் பேரில் நிறுத்து, பிறகு எனக்குப் பங்கு தருகிறாளாம். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் நான் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இது நான் எடுத்த கொழுந்து. என் பெயரில்தான் நிறுக்க வேண்டும்.

கூடையை இறக்கித் தராசுக்குக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே குந்திவிட்டேன். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் நகர முடியவில்லை. யாரும் என்னை எழுந்து போ என்றும் சொல்லவில்லை. என்னை வேலைக்கள்ளி என்று சொன்ன வாய்களும் அங்கேதான் நின்றன, மூடிக்கொண்டு. துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போது இப்படித்தான் இருந்தது. என்ன கூட்டம் என்று கேட்டார். கணக்கப்பிள்ளை துண்டைக் கொடுத்துக் கதையைச் சொன்னார். துரை துண்டை வாசித்தார். என் கூடைக்குள் கையை விட்டுக் கொழுந்தை அள்ளிப் பார்த்தார். மேலே எடுபடாமல் கிடந்த மலையைப் பார்த்தார். என் மேல் இரக்கப்பட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். முற்றுகிற கொழுந்து மேல் அவருக்கு இரக்கம்.

"கொழுந்து நல்ல கொழுந்து. நிறு. அரைப் பேர் போடு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கணக்கப்பிள்ளை நிறுத்தார். செக்ரோலைத் திறந்து எழுதினார். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, இது பைத்தியக்காரப் பேர் என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் என்ன பேர் வைத்தால் எனக்கென்ன, எழுதினாரா இல்லையா? அன்று சம்பள நாளுக்கு முந்தின நாள், துரையிடம் துண்டு போக வேண்டிய கடைசி நாள்.

அதன்பிறகு நான் சுகமாகி, சந்தோஷமாக வாழ்ந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. காலைகள் மோசமாகவே இருந்தன. சில வாரம் மத்தியானமும் எழ முடியாது. அப்போது கூசாமல் டாக்டர் ஐயாவிடம் போய், இன்றைக்கு நோய்தான், நோய் என்றே எழுதுங்கள் என்று கேட்பேன். எழுதுவார். சில மாதம் நன்றாக இருப்பேன். ஒரு வருஷம் தப்பைக் கேட்டுக்கொண்டே பெரட்டில் நின்றும் பார்த்தேன், மறுவருஷம் முடியவில்லை. ஆனால் செக்ரோலில் என் பெயர் இருந்தது. கொழுந்துக் காலம் முடிந்ததும் வெட்டிவிடப் பார்த்தார்கள். நான் மடுவத்தில் மறுபடியும் குந்தினேன். பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேர் பரவிவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலையில் வர முடியாத ஒருத்தி, மத்தியானம் வந்து கணக்கப்பிள்ளை முன் நின்று, "அய்யா, எனக்கு இன்னைக்குப் பைத்தியக்காரப் பேரு போடுங்க" என்று கேட்டாள். ஆள் பற்றாத நாள், போட்டார். அடுத்து வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி. அடுத்து, தாய் செத்து மாதம் ஆகியும் தேறாத ஒருத்தி. யாரும் அந்தப் பேரைச் சொல்லக் கூசவில்லை. புருஷனிடம் அடி வாங்கி முகம் வீங்கி வந்தவளும் அதைத்தான் கேட்டாள். எங்கள் தோட்டத்தில் பைத்தியக்காரிகள் பெருகிவிட்டார்கள் என்று ஆபீஸ் கிளாக்கர் ஐயா சொன்னாராம். பெருகட்டும் என்றேன்.

இதையெல்லாம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தவர் என் மாமியார் ஒருவர்தான். என்னால் குடும்பத்துக்கே அந்தப் பேர் வந்துவிட்டது என்று கடைசி வரைக்கும் ஏசினார். வயதாகியும் விடாமல் பெரட்டில் நின்றவர் அவர். முழங்கால் வீங்கியிருக்கும், துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டு நடப்பார். பெரட்டில் ஒரு நாள் பிந்தினால், வயசாகிவிட்டது என்று பேரை வெட்டிவிடுவார்கள் என்கிற பயம் அவருக்கு. அதை அவர் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். அந்தப் பயம் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அறுபதுகள் தொடங்கிய சமயம். ஓர் ஐப்பசி மழைக் காலையில் தப்பு அடித்து ஓய்ந்தது. நான் வழக்கம்போல் மூலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். புருஷன் போய்விட்டார். மாமியார் அடுப்படியில் கொங்காணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எழ இரண்டு தடவை பார்த்தார். முடியவில்லை. வெளியே வெளுத்துக்கொண்டு வந்தது. கொங்காணியை மடித்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மத்தியானம் போறப்ப கணக்கப்பிள்ளகிட்ட சொல்லு. எனக்கும் அந்தப் பேரையே போடச் சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன் அத்த. நீங்களே வந்து வாயத் தொறந்து கேளுங்க" என்றேன்.

என்னை முறைத்தார். ஆனால் வந்தார். மழை விட்டிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டில் ஒவ்வொரு காலாக இறக்கி வைத்து வந்தார். கணக்கப்பிள்ளை முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, பைத்தியக்காரப் பேர் வேண்டும் என்று கேட்டார். கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, உனக்கு என்ன பைத்தியம் ஆத்தா என்று கேட்டார்.

"இவளுக்கு இருக்கிறதுதான்" என்றார் மாமியார்.

கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நிரையில் இறங்கினோம். ஏறி எடுக்க வேண்டிய மேல் பக்கத்துச் செடிகளை நான் எடுத்துக்கொண்டேன்.